பொது ஈமெயிலுக்கு இன்று யார் பொறுப்பு?

கொழும்பில் கடையில் நிற்கும் மகனும் கட்டாரில் வேலை செய்யும் மகளும் இப்போது அம்மாவின் சேமலாப நிதிக் கடிதத்தைக் கைபேசியில் படம் பிடித்து, சங்கக் காரியாலயத்தின் ஈமெயிலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த முகவரி எல்லாப் பிரதிநிதிகளுக்கும் பொது. வேறு யாராவது பதில் போட்டிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் விட்டுவிட, தோட்டத்தில் நாங்கள் காத்துக் கிடக்கிறோம்.

பிரதிநிதிகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு நாள் தோட்டக் கூட்டம், மறுநாள் தொழில் திணைக்களம், அடுத்த நாள் தொழில் நியாய சபை என்று வாரத்துக்கு வாரம் அவர்கள் முறை மாறுகிறது. போகிற வழியில் சிக்னலும் இருப்பதில்லை. ஆனால் வேலைநீக்கம் செய்யப்பட்டவர் 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு மனுச் செய்தாக வேண்டும். அவருடைய கடிதம் இரண்டு மாதம் திறக்கப்படாமல் கிடந்தால் மிஞ்சுவது நான்கு மாதம். சேவைக்காலப் பணத்தை 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. கொடுக்காவிட்டால் கேட்பதற்கு ஆள் வேண்டுமே.

கணக்கப்பிள்ளை லீவென்றால் மடுவத்தில் தராசடியில் யார் நிற்பது என்று காலைப் பிரட்டிலேயே தீர்மானமாகிவிடும். கொழுந்து நிறுக்காமல் கிடந்ததை நாங்கள் கண்டதில்லை. காரியாலயத்திலும் அதைத்தான் கேட்கிறோம். கடமை அட்டவணையை மாற்றும்போதே, ஈமெயில் யாருக்குப் போக வேண்டும் என்பதையும் மாற்ற வேண்டும். அன்றைய கடமையில் இருப்பவருக்குத் தானாகப் போகும்படி அமைக்க, இப்போதுள்ள ஈமெயில் சேவைகளிலேயே வழி உண்டு.

நாள்முறையோடு மட்டும் விட்டால் வேறு தொல்லை வரும். திங்கட்கிழமை ஒருவர் செக்ரோல் விபரம் கேட்பார். வியாழக்கிழமை அதை அனுப்பினால் இன்னொருவர் திறந்து, "என்ன பிரச்சினை?" என்று முதலிலிருந்து தொடங்குவார். ஆகவே முதலில் எடுத்தவரிடமே அந்த விடயம் இருக்கட்டும். அவர் லீவில் போனால் யாரிடம் என்பதைப் பெயரோடு எழுதிவைக்க வேண்டும். இரண்டு நாளில் பதில் போகாவிட்டால் காரியாலயப் பொறுப்பாளரின் கைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. மலையில் கங்காணி தகாத முறையில் நடந்ததாக ஒரு தங்கச்சி எழுதும் கடிதம் எட்டுப் பேரின் கைபேசிக்குப் போனால், பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கக் கதையாகிவிடும். அந்தப் பயத்திலேயே பலர் எழுதுவதில்லை. மகளிர் பொறுப்பாளர் மட்டும் திறக்கும் தனி முகவரி கட்டாயம் வேண்டும். (சங்கம் மாறிப் போனவரின் கைபேசியில் நமது பெட்டி இன்னும் திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது. மலையகத்தில் நடக்காத காரியமா?)

வரும் மாவட்டக் கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறோம். அதுவரை, ஈமெயில் அனுப்பும் பிள்ளைகள் தோட்டம், டிவிசன், சேமலாப நிதி இலக்கம், வேலையிலிருந்து நிறுத்திய திகதி ஆகியவற்றை முதல் வரியிலேயே எழுதுங்கள். பெயரை மட்டும் போட்டால் ஒரே டிவிசனில் நான்கு லெட்சுமி இருப்பார்கள்.