முட்டுக்கட்டை போடுகிறவர் கெட்டவரா?

"எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறான்" என்று சிலரைத் திட்டுகிறோம். நல்ல காரியத்தைத் தடுப்பவன் என்று அதற்கு அர்த்தம்.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும், முட்டுக்கட்டை போட ஆள் இல்லாவிட்டால் காரியமே நடக்காது. அதுதான் தேரோட்டம்!

பலவகைக் கட்டைகள்

கட்டைகளில் பல வகை உண்டு. சமையல் அறையில் சப்பாத்திக் கட்டை. கறிக்கடையில் கறி வெட்டும் கட்டை. துணியில் பூப்போடுவதற்கு அச்சுக்கட்டை. மேட்டில் லாரி நின்றால், கிளீனர் குதித்து ஓடி வந்து சக்கரத்தின் அடியில் ஒரு கட்டையை வைக்கிறார். லாரி பின்னால் உருளாமல் இருப்பதற்காக!

தேருக்குப் போடும் முட்டுக்கட்டையும் இந்த ஜாதிதான். ஆனால் ஒரு வித்தியாசம். லாரி நின்ற பிறகு கட்டை வைக்கிறார்கள். தேருக்கோ, ஓடும்போதே வைக்க வேண்டும்!

வடம் இழுக்கும், பிடிக்காது

தேரின் வடத்தை ஆயிரம் பேர் இழுக்கிறார்கள். அவர்களால் தேரை நிறுத்த முடியுமா? முடியாது. வடம் முன்னால் இருக்கிறது. அதனால் இழுக்கத்தான் முடியும். பின்னுக்குப் பிடிக்க முடியாது. கையை விட்டாலும், உருளத் தொடங்கிய தேர் உடனே நிற்காது. பள்ளமான தெருவாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்போது தேரை நிறுத்துவது கட்டைதான். ஒரு பக்கம் மெலிந்தும், மறுபக்கம் பருத்தும் இருக்கும் கெட்டியான மரத்துண்டு அது. சக்கரம் அதன்மேல் ஏறப் பார்க்கும். ஏற முடியாமல் வேகம் குறையும். கட்டையைச் சாய்வாக வைத்தால், சக்கரம் அதில் உரசிப் பக்கவாட்டில் ஒதுங்கும். தேர் திரும்புவதும் இப்படித்தான்.

ஆகவே தேருக்கு பிரேக்கும் கட்டைதான், ஸ்டியரிங்கும் கட்டைதான்!

2022-ல் நடந்தது என்ன?

2022-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி, தஞ்சாவூர் அருகே களிமேட்டில் உயர் அழுத்த மின் கம்பியில் தேர் உரசியது. 11 பேர் மாண்டனர். நாடே கலங்கியது.

அடுத்த சில நாட்களில், நாகை மாவட்டம் திருச்செங்காட்டங்குடியில் இன்னொரு துயரம். முட்டுக்கட்டை போட்ட வாலிபர் ஒருவர், தேர்ச் சக்கரத்தில் சிக்கி இறந்தார். ஜூன் 13-ந் தேதி, தர்மபுரி மாவட்டம் மாதேஅள்ளியில் தேர் கவிழ்ந்து 2 பேர் உயிர் இழந்தனர்.

மூன்றும் இரண்டே மாதங்களுக்குள் நடந்தவை. ஆனால் காரணம் வேறு வேறு. மின்சாரத்தை நிறுத்திவிட்டால் மட்டும் தேர் பத்திரமாகிவிடாது. சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து நிற்கும் மனிதரையும் பார்க்க வேண்டும்.

திருவாரூர் காட்டும் வழி

திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம். சுமார் 300 டன் எடை. இந்தத் தேருக்கு, திருச்சி "பெல்" தொழிற்சாலை இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. அதனால் தேரை நிறுத்துவது சுலபமாயிற்று. ஆனாலும் முட்டுக்கட்டை போய்விடவில்லை. தேரைத் திருப்ப அது இன்றும் வேண்டியிருக்கிறது.

எல்லா ஊர்த் தேருக்கும் இவ்வளவு பணம் செலவழிக்க முடியாது. ஆனால் செலவு இல்லாத காரியங்கள் சில உண்டு.

கட்டைக்கு நீளமான பிடி இருக்கட்டும். கால் சக்கரத்தின் அருகே போக வேண்டியதில்லை. பழகியவர் மட்டுமே கட்டை போடட்டும். அவர் பின்வாங்குவதற்கு இடம் வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் அங்கே நெருக்கக்கூடாது. விசில் ஊதியதும் வடம் இழுப்பவர்கள் உடனே நிறுத்த வேண்டும். குழந்தைகளைச் சக்கரத்தின் பக்கம் விடவே கூடாது.

அடுத்த தடவை தேர் பார்க்கப் போகும்போது, கலசத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிடுங்கள். பிறகு கொஞ்சம் கீழேயும் பாருங்கள். அங்கே ஒருவர் வியர்வை வழியக் கட்டை போட்டுக்கொண்டு இருப்பார். அவருக்கு வழி விட்டு, நான்கு அடி தள்ளி நில்லுங்கள்.

அவர் போடும் முட்டுக்கட்டையால்தான் தேர் நிலைக்கு வந்து சேருகிறது. அவரும் வீடு போய்ச் சேர வேண்டாமா?