கொட்டை எழுத்தில் ஒரு எண்

போன மாதம் லேபிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மொத்த வெள்ளணுக்கள் 14,600. இருக்க வேண்டியது 4,000 முதல் 11,000 வரை என்று பக்கத்தில் போட்டு, என்னுடையதை மட்டும் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். மனைவி நேராகப் பூஜை அறைக்குப் போய்விட்டாள். பெங்களூரிலிருந்து மகன், "அப்பா, நெட்ல எதையும் தேடாதீங்க" என்றான். அவன் தேடிவிட்டான் என்று புரிந்தது. எதிர்வீட்டு நண்பர், "இன்ஃபெக்‌ஷன்தான் சார், அஞ்சு நாள் ஆன்டிபயாடிக் போடுங்க" என்று மாத்திரைப் பெயரையே எழுதிக் கொடுத்தார்.

எங்கள் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "காய்ச்சல் இல்லை. இப்ப என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

வீசிங்குக்காக வேறொரு டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு. ஒரு வாரமாகச் சாப்பிடுகிறேன். அதுதான் காரணமாக இருக்கும் என்றார். வெள்ளணுக்களில் ஒரு பகுதி ரத்தக்குழாய்ச் சுவரை ஒட்டியே நிற்குமாம். ஸ்டீராய்டு போனால் அவை சுவரை விட்டு ஓட்டத்தில் கலந்துவிடும். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் தெருவில் இறங்கினால் தெருவில் கூட்டம் கூடிய மாதிரித் தெரியுமே, அப்படி. எலும்பு மஜ்ஜையும் கொஞ்சம் கூடுதலாக அனுப்பும். "அதுக்காக நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்றும் எச்சரித்தார்.

எனக்குக் கோபம் லேப் மீதல்ல, நம் மீதுதான். கொட்டை எழுத்தைப் பார்த்ததும் அதையே நோயின் பெயராக எடுத்துக்கொள்கிறோம். கீழே உள்ள டிஃபரன்ஷியல் கவுண்ட்டை யார் பார்க்கிறார்கள்? எந்த வகை அணு கூடியது என்பது அங்கேதான் இருக்கிறது. நியூட்ரோஃபில் என்றால் பெரும்பாலும் பாக்டீரியாத் தொற்று. ஸ்டீராய்டும் சிகரெட்டும்கூட அதைக் கூட்டும். ஈஸ்னோஃபில் என்றால் அலர்ஜி, குடல்புழு. (ஈஸ்னோஃபீலியா என்று சொல்லி ஊரில் பாதிப்பேர் மாத்திரை தின்ற காலம் உங்களுக்கும் நினைவிருக்கும்.) லிம்ஃபோசைட் மாதக்கணக்கில் கூடியே இருந்தால் அலட்சியம் கூடாது. வயதானவர்களுக்கு மெதுவாக வளரும் ஒருவகை ரத்தப் புற்றுநோய் அப்படித்தான் தற்செயலாகத் தெரியவரும். என்னோடு நடக்க வரும் நண்பருக்கு அதுதான். மருந்தே இல்லாமல், அவ்வப்போது பரிசோதனை மட்டும் செய்துகொண்டு என்னைவிட வேகமாக நடக்கிறார்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. நான்கு வருடங்களுக்கு முன் என் அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, பேச்சில் தடுமாற்றம். காய்ச்சல் இல்லை, கவுண்ட் 9,000. நார்மல்தானே என்று வீட்டிலேயே வைத்திருந்தோம். நுரையீரலில் நிமோனியா. நம் வயதில் தொற்று வந்தாலும் எண் ஏறாமல் இருக்கலாம் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. அக்கா வீடு திரும்பவில்லை.

அதனால்தான் இப்போதெல்லாம் லேப் தாளோடு, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும், உடம்பில் என்ன மாற்றம், எந்த நாளிலிருந்து என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டாக்டரிடம் நீட்டுகிறேன்.

ஸ்டீராய்டு முடிந்து மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்தோம். 8,200. எதிர்வீட்டு நண்பரின் சீட்டு இன்னும் மேஜை டிராயரில் கிடக்கிறது. பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்ட தேங்காய்தான் பாக்கி.