எலிப் பல்லும் யுகக் கணக்கும்

"மனிதன் தோன்றிப் பல லட்சம் ஆண்டுகளாயின என்று மேனாட்டு விஞ்ஞானிகள் இன்றைக்குத்தான் கண்டார்கள், நம் ரிஷிகளோ துவாபரயுகம் 8,64,000 ஆண்டு, கலியுகம் 4,32,000 ஆண்டு என்று அன்றே லட்சக்கணக்கில் சொல்லிவிட்டார்கள், ஆகவே புராணம் மெய்யாயிற்று" என்பதாகச் சில பண்டிதர்கள் பேசித் திரிகிறார்கள். அந்த விஞ்ஞானி தன் லட்சத்தை எங்கிருந்து எடுத்தான் என்று கேட்டால் மாத்திரம் வாய் திறப்பதில்லை. நாம் சொல்லுகின்றோம்: எலியின் பல்லிலிருந்து எடுத்தான்!

இது பரிகாசமல்ல. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் பேக்ஃபீல்ட் என்னுமிடத்தில், மனிதன் செதுக்கிய 32 சிக்கிமுக்கிக் கற்கள் கிடைத்த சங்கதி 2005-ல் வெளியாயிற்று. கல்லில் தேதி எழுதியிருக்கவில்லை. ஆனால் அதே மண்படிவத்தில் ஒரு நீரெலியின் பற்கள் இருந்தன. இப்படிப்பட்ட சிறு பற்களை, மண்ணை நுண்ணிய சல்லடையிலிட்டு அலசித்தான் பொறுக்குகிறார்கள். (ஆந்தை எலியை விழுங்கி எலும்பை உருண்டையாய்க் கக்கும் என்பதைக் கிராமவாசிகளுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை, இவ்விதமும் ஓரிடத்தில் எலி எலும்புகள் குவிவதுண்டு.)

அந்தப் பல் என்ன சொல்லிற்று? மிமோமிஸ் என்ற முற்கால நீரெலியின் கடைவாய்ப் பல்லுக்கு வேர் உண்டு. வேர் விட்ட பல் வளராது; புல்லை அரைத்துத் தேய்ந்தால் தேய்ந்ததுதான். அதன் வழிவந்த ஆர்விகோலாவின் பல்லுக்கோ வேரே கிடையாது, சாகும்வரை வளர்ந்துகொண்டேயிருக்கும். சுமார் 5 லட்சம் ஆண்டுப் பழமையான பாக்ஸ்குரோவ் படிவத்தில் கிடைப்பது வேரற்ற பல். பேக்ஃபீல்டில் கிடைத்தது வேருள்ள பல். ஆகவே பேக்ஃபீல்ட் முந்தியது. சுமார் 7 லட்சம் ஆண்டு என்று முடிவு கட்டினார்கள்.

"எலியைக் கொண்டு மண்ணுக்கு வயது, மண்ணைக் கொண்டு எலிக்கு வயது! இது மட்டும் புராணமில்லையோ?" என்று ஒருவர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் எலி ஒன்றே சாட்சியல்ல. கீழ்ப்படிவம் மேல்படிவத்துக்கு மூத்தது. இத்தாலியில் இசெர்னியா என்ற ஊரில் ஆர்விகோலாவின் பல் கிடைத்த இடத்தில் எரிமலைப் படிகங்களும் உண்டு. அவற்றிலுள்ள பொட்டாசியம் ஆர்கானாக மாறிய அளவைக் கொண்டு சுமார் 6 லட்சம் ஆண்டு என்று கணக்கிட்டார்கள். பூமியின் காந்தத் திசை கடைசியாகப் புரண்டது சுமார் 7,73,000 ஆண்டுகளுக்கு முன். அதன் தடமும் மண்ணில் இருக்கிறது. இவையெல்லாம் எலியைக் கேட்டுச் சொல்லுபவையல்ல.

காலத்தோடு குளிரையும் வெயிலையுங்கூட எலியினம் சொல்லும். வட குளிர்நாட்டு லெம்மிங்கின் பல் இங்கிலாந்து மண்ணில் அகப்பட்டால், அந்த மண் படிந்த காலத்தில் அங்கே கடுங்குளிர் என்று அறியலாம்.

பாதிரிமார் மாத்திரம் சளைத்தவர்களா? அயர்லாந்து ஆர்ச் பிஷப் அஷர் 1650-ல், உலகம் கி.மு. 4004-ல் படைக்கப்பட்டதென்று வேதப் புஸ்தகத்தைக் கூட்டிக் கழித்துச் சொன்னார். அவர் எண் சிறியது, நம் பண்டிதர் எண் பெரியது; மற்றபடி என்ன வித்தியாசம்? புலி உண்டென்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவனும், காலடி பார்த்துச் சொன்னவனும் ஒன்றாவார்களா?

வட ஐரோப்பாவில் மனிதன் கால்வைத்து 5 லட்சம் ஆண்டுதான் என்றிருந்த கணக்கை 2005-ல் 7 லட்சமாகத் திருத்தினார்கள். ஹேஸ்பரோ கண்டுபிடிப்பால் 2010-ல் 8 லட்சத்துக்கும் மேலே கொண்டுபோனார்கள். திருத்தியதற்கு யாரும் வெட்கப்படவில்லை. பாக்ஸ்குரோவ் மண்ணிலிருந்து வேருள்ள மிமோமிஸ் பற்களை யாரேனும் அலசி எடுத்துக் காட்டினால் இந்த எலிக் கணக்கையும் திருத்தியே தீரவேண்டும். யுகக் கணக்கு தப்பென்று ஒப்புக்கொள்ள எதைக் கொண்டுவந்து காட்டவேண்டுமென்று பண்டிதர்கள் தெரிவிப்பார்களா?