விளையாட்டில் அரசியலைக் கலந்தவர் யார்?

"விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்" என்ற உபதேசத்தைப் பத்திரிகைத் தொழிலில் இருந்த காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன். தென்னாபிரிக்காவின் வரலாற்றை அறிந்தவர்கள் இதைச் சொல்ல நாக்கூச வேண்டும்.

அங்கே கலந்தது யார்? வெள்ளையர் அல்லாத எவரும் நாட்டின் அணியில் இடம்பெற முடியாதவாறு செய்த ஆட்சியாளர்கள்தாம். கேப்டவுனில் பிறந்த பசில் டொலிவேரா அதனாலேயே 1960 இல் இங்கிலாந்து சென்றார். 1968 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ஓட்டங்கள் குவித்தார். அப்படியிருந்தும், தென்னாபிரிக்கா செல்லும் இங்கிலாந்து அணியில் முதலில் அவருக்கு இடமில்லை! கண்டனம் எழுந்தது. டொம் கார்ட்ரைட் காயத்தால் விலகவே அவரைச் சேர்த்தார்கள். உடனே பிரதமர் வொர்ஸ்டர் மேடையேறி, அந்த அணியை ஏற்கமாட்டோம் என்று முழங்கினார். சுற்றுப்பயணமே ரத்தாயிற்று.

அதற்கு நான்காண்டுகளுக்கு முன்னர், 1964 ஏப்ரல் 20 அன்று, பிரிட்டோரியா நீதிமன்றில் வேறொரு உரை நிகழ்ந்தது. மண்டேலா சாட்சியமளிக்கவில்லை, எதிரிக் கூண்டில் நின்றபடியே மணிக்கணக்காகப் பேசினார். அத்தகைய கூற்றுக்குச் சட்டப் பெறுமதி குறைவு. ஆனால் குறுக்கு விசாரணை அதனைத் துண்டாட முடியாது. தூக்குமேடை எதிரே தெரிந்த வேளையில், வழக்கின் வெற்றியை விட்டுவிட்டு உலகத்தின் செவியைத் தேர்ந்தவர் அவர். எனினும் அந்த உரைக்குச் செவிசாய்க்க மறுத்த வெள்ளையரின் வீட்டுக்குள் செய்தியைக் கொண்டுசேர்த்தது விளையாட்டுத்தான். 1970 இல் ஒலிம்பிக் இயக்கம் தென்னாபிரிக்காவை வெளியேற்றியது. அவ்வாண்டு இங்கிலாந்துக்கு வரவிருந்த தென்னாபிரிக்க அணியின் ஆட்டங்களை வர்ணிக்கமாட்டேன் என்றார் ஜோன் ஆர்லொட். குரலே பிழைப்பாகக் கொண்ட மனிதர்! அப்பயணமும் கைவிடப்பட்டது. 1992 வரை தென்னாபிரிக்காவுக்கு டெஸ்ட் ஆட்டமே இல்லை.

இனி நம் வீட்டுக் கதை. 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதலாவது டெஸ்டை ஆடியது. தலைவர் பந்துல வர்ணபுர. அதே ஆண்டிலேயே அவரது தலைமையில் ஓர் அணி, 'அரோசா ஸ்ரீலங்கா' என்ற பெயரில் தென்னாபிரிக்கா சென்றது. சென்றவர்களுக்கு 25 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. பின்னர் அது இடையிலேயே நீக்கப்பட்டது.

அவர்களுக்கு வருமானம் போதவில்லை என்று இன்றும் வாதிடுவோர் உளர். போதவில்லைதான். ஆயினும் நிறவெறி அரசுக்கு அன்று தேவைப்பட்டது அவர்களின் ஆட்டத்திறன் மட்டுமல்ல. அவர்களின் தோல் நிறமுந்தான். பாருங்கள், பழுப்பு நிறத்தவரும் எம்முடன் ஆடுகின்றனர் என்று காட்டுவதற்கு அதைவிடச் சிறந்த விளம்பரம் வேறு எது?

விளையாடியது ஒரு குற்றமா என்று கேட்கிறார்கள். கவிஞர் டெனிஸ் புரூட்டஸ், நிறபேதமற்ற விளையாட்டு வேண்டும் என்று இயக்கம் நடத்தியவர். அவரை 1963 இல் ஜொகனஸ்பேர்க் வீதியில் பொலிசார் சுட்டார்கள். காயம் ஆறியபின் ரொபன் தீவில் கல்லுடைக்க வைத்தார்கள்.