கண்ணுக்குள் விண்மீன்கள்



வெண்ணந்தூர்த் தறிக்காரர் இல்லங்களில் கண்ணைப் பற்றிய கவலை சற்று மிகுதி. அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிபோடக் கண்ணைத் தவிர வேறு கருவி ஏது? ஆகவே, கண்புரை பார்க்கச் சென்ற முதியவரிடம், கண்ணுக்குள் வெண்துகள்கள் மிதப்பதாக மருத்துவர் கூறிவிட்டால், அன்றிரவு அவ்வீட்டில் எவருக்கும் உறக்கம் வருவதில்லை. அத்தகைய குடும்பங்களுக்காகவே இம்மாதம் இதனை எழுதுகிறோம்.

நம் விழியின் உட்புறத்தில் ஐந்தில் நான்கு பங்கை விட்ரியஸ் எனப்படும் தெளிந்த பாகு நிரப்பியுள்ளது. ஏறத்தாழ 4 மில்லி லிட்டர் அளவுள்ள அதில் பெரும்பகுதி நீரே. முதுமையில் சிலருக்கு இப்பாகினுள் சுண்ணாம்புச் சத்தும் கொழுப்பும் கலந்த நுண்மணிகள் தோன்றுகின்றன. மருத்துவர் ஒளி பாய்ச்சி நோக்குகையில் அவை இரவு வானத்து மீன்கள்போல் மின்னும். 1894-இல் டப்ளின் மருத்துவர் பென்சன் இதனை விவரித்தபோது, விண்மீனைக் குறிக்கும் சொல்லையே பெயரில் வைத்தார். இன்று அதனை ஆஸ்டிராய்டு ஹயலோசிஸ் என்பர். பெரும்பாலும் ஒரு கண்ணிலேயே காணப்படும். இது புற்றுமன்று, தொற்றுமன்று, பார்வையைப் பறிப்பதும் மிக அரிது.

இதில் வியப்பு ஒன்று உண்டு. துகள்களை உடையவர் பெரும்பாலும் அவற்றை உணர்வதே இல்லை. வெளியிலிருந்து உள்ளே நோக்கும் மருத்துவருக்கே அவை திரையாகின்றன. எச்சரிக்கை தேவைப்படும் இடமும் இதுவே. நீரிழிவு உள்ளவரின் விழித்திரையில் இரத்தக் கசிவு இருந்தால், இத்துகள்கள் அதனை மறைத்துவிடக்கூடும். துகள்கள் தீங்கற்றவை என்று கேட்டவுடன் ஆண்டுப் பரிசோதனையை நிறுத்திவிடுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். விழித்திரையைப் படமெடுக்கும் கருவிகள் இன்று உள்ளன. கண்புரை அறுவைக்குச் செல்வோரும் துகள்கள் இருப்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்தல் நலம். செயற்கை வில்லைக்காக விழியை அளக்கையில் அவை பிழை உண்டாக்கலாம்.

கண்முன் கொசுவும் நூலும் பறப்பதுபோல் தோன்றுவது வேறு. அதுவும் முதுமையில் பலருக்கு இயல்பே. ஆயினும் அத்தகைய புள்ளிகள் திடீரெனப் பெருகினாலோ, மின்னல்போல் ஒளி வெட்டினாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் இருண்டாலோ, விழித்திரை கிழிந்திருக்கக்கூடும். பாவு முடியட்டும், சந்தை நாள் போகட்டும் என்று காத்திராமல், அன்றே சேலத்திற்கோ நாமக்கல்லுக்கோ கண் மருத்துவரிடம் விரையுங்கள்.

கண்ணில் பச்சிலைச் சாறோ தாய்ப்பாலோ விடுவதால் உள்துகள் கரையாது, புண்ணே உண்டாகும். தோபித்தின் கண்களில் படர்ந்த வெண்படலம் விழியின் மேற்புறத்தது. ஆதலால் மகன் பூசிய மருந்து அதனை உரித்தது. விட்ரியஸோ விழியின் உள்ளறை. அதனைக் கருவி கொண்டு அகற்றும் முறையை மியாமி நகரில் ராபர்ட் மாக்கெமர் 1970-ஆம் ஆண்டளவில் வகுத்தார். சென்னையில் 1978-இல் சங்கர நேத்ராலயாவை நிறுவிய மருத்துவர் பத்ரிநாத் இத்துறையிலேயே வல்லுநராக விளங்கியவர். ஆயினும் விண்மீன் துகள்களுக்கு இவ்வறுவை தேவைப்படுவது அரிது. வந்த வழியே வீட்டிற்குச் செல்லுங்கள் என்று மருத்துவர் கூறினால், அவர் கைவிட்டார் என்று பொருளன்று.

பிறர் கண்ணிலுள்ள துரும்பைத் தேடும் முன் நம் கண்ணிலுள்ள உத்திரத்தை எண்ணும்படி ஆண்டவர் கற்பித்தார். நம் கண்ணுள் இருப்பதை நாமே காண்பதோ எளிதன்று. அன்போடு நோக்கும் மற்றொருவர் வேண்டும். உடலுக்கு மருத்துவரும், ஆன்மாவுக்கு ஒப்புரவு அருட்சாதனமும், இல்லத்தில் உண்மை கூறும் துணைவரும் அத்தகையோரே. அவர்கள் சொல்வதை அஞ்சாமல் கேட்போம். கேட்டபின் அசட்டையாகவும் இராதிருப்போம்.