குரூப்ல போட்டாச்சு... அவ்வளவுதானா?

தோழர்களே,

ஒரு கூட்டம் முடிஞ்ச உடனே நூறு செல்போனிலிருந்து படமும் வீடியோவும் பறக்குது. நல்லது. ஆனா மூணு வருஷம் கழிச்சு அதே பேச்சைத் தேடினா? "ஏதோ குரூப்ல வந்துச்சே" என்பதுதான் பதில்.

பகிர்வது வேறு, பாதுகாப்பது வேறு.

ஆர்குட் நினைவிருக்கா? 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. 2015 வரை மக்கள் ஏற்றிய பாடல், படம், வீடியோக்கள் சர்வர் மாற்றத்தில் போய்விட்டதாக மைஸ்பேஸ் 2019-ல் கையை விரித்தது. அடுத்தவர் களத்தில் கொட்டி வச்ச நெல்லுக்கு யார் காவல்?

1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த இழப்பை அறிந்த ஈழத்தமிழ்த் தன்னார்வலர்கள் 2005-ல் 'நூலகம்' திட்டத்தைத் தொடங்கினாங்க. நூல், இதழ், ஒலிப்பதிவு என எல்லாவற்றையும் வகைப்படுத்தி, யாரும் இலவசமாகப் பார்க்க இணையத்தில் திறந்து வச்சிருக்காங்க. அவங்களால் முடிஞ்சது நம்மால் முடியாதா?

ஒவ்வொரு கிளையும் இன்றே தொடங்கலாம்:

✅ படத்தை வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பினா தரம் குறையும், எடுத்த தேதி விவரமும் போயிடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்க.

✅ ஃபைலுக்குத் தேதி, ஊர், பேசியவர் பெயரை யூனிகோடு தமிழில் வைங்க. பாமினியில் அடிச்சா தேடலில் சிக்காது.

✅ மூணு பிரதி வைங்க. அதில் ஒண்ணு வேற ஊர்ல இருக்கட்டும்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. நூல்களுக்கும் சுவடிகளுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கு. ஒரு மில் தொழிலாளியின் குரலுக்கு, ஒரு கிராமத்தின் பழைய கல்யாண போட்டோவுக்கு எங்கே இடம்? மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றிலும் மக்கள் தங்கள் கேசட், போட்டோ, கடிதங்களைக் கொண்டுவந்து இலவசமாக டிஜிட்டல் ஆக்கும் வசதி வேண்டும். சொந்தக்காரர் சம்மதித்தால் மட்டும் பொதுவில் வைக்கலாம்.

கடைசியாக ஒண்ணு. நம்ம பேச்சில் பத்து நொடியை வெட்டி எடுத்து அவதூறு பரப்புறாங்க. கோபப்பட்டு கமெண்ட் போட்டால் மட்டும் பொய் அடங்காது. தேதியோடு முழு வீடியோ கையில் இருந்தா, அதுவே பதில்.

பகிருங்கள். அதற்கு முன் சேமியுங்கள்!

#நம்_வரலாறு_நம்_கையில்