கருவியை மாற்றினால் சாதி மாறுமா?

"கிளாரினெட்டை விட்டு சாக்ஸஃபோனுக்கு வா, மரியாதை தானாக வரும்." பெரியபாளையம் பக்கத்தில் பேண்டு செட்டில் வாசிப்பவனுக்கு எல்லாரும் சொல்லும் அறிவுரை இது. நான் மாறிவிட்டேன். கூலி கொஞ்சம் கூடியிருக்கிறது. கல்யாண வீட்டில் கேட்கும் கேள்வி மட்டும் மாறவில்லை: "ஊரா, காலனியா?"

மாறுவது லேசான வேலையும் இல்லை. கிளாரினெட்டில் விரலின் சதையே துளையை மூடும். விரலை மெல்ல நகர்த்தினால் கமகம் வரும். சாக்ஸில் விரலுக்கும் துளைக்கும் நடுவே மூடி இருக்கிறது. அந்த வேலையை உதடும் மூச்சும் செய்ய வேண்டும். சாக்ஸில் ஒரே விரல் பிடிப்பு மேல் ஸ்தாயியிலும் அதே சுரத்தைப் பேசும். கிளாரினெட்டில் வேறு சுரம் பேசும். பழகிய கையை மறந்து புதிதாகப் பழக வேண்டும். இதையே மேடையில் உட்கார்ந்தவர் செய்தால் சாதனை. வெயிலில் நடந்துகொண்டே நாங்கள் செய்தால் "பேண்டுக்காரப் பசங்க".

கிளாரினெட் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பேண்டோடு இங்கே வந்தது. 19ஆம் நூற்றாண்டில் சதிர்க் கச்சேரிக்குள் நுழைந்தது. சாக்ஸஃபோனுக்கு அடால்ஃப் சாக்ஸ் பாரிஸில் காப்புரிமை வாங்கியது 1846இல். எந்த சாஸ்திரமும் இவற்றை எந்தச் சாதிக்கும் எழுதி வைத்திருக்க முடியாது. ஆனாலும் வாசிப்பவன் காலனிக்காரன் என்றதும் பித்தளைக் குழலிலும் தீட்டு ஒட்டிக்கொள்கிறது.

பறை தோல், அதனால் தீட்டு என்பார்கள். மிருதங்கம் என்ன, பட்டுத் துணியா? அதற்குத் தோல் கட்டும் தலித் கைவினைஞர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூல் கொண்டுவந்தார். வெளியீட்டு விழாவுக்குத் தந்த அரங்க அனுமதியை கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. சாக்ஸின் மூடிகளுக்கு அடியில் இருப்பதும் பெரும்பாலும் தோல் வட்டங்கள்தான். சபாவுக்கு அது தெரியாதா? தெரியும். தீட்டைத் தோலில் தேடுகிறவர்கள் ஆளைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

"கத்ரி கோபால்நாத் வரவில்லையா? ஏ.கே.சி. நடராஜன் வரவில்லையா?" என்று கேட்பார்கள். கத்ரி நாதசுரக் குடும்பத்திலிருந்து சாக்ஸுக்கு வந்து 2004இல் பத்மஸ்ரீ பெற்றார். ஏ.கே.சி. கிளாரினெட்டோடு 2008இல் சங்கீத கலாநிதி ஆனார். அவர்கள் உழைப்புக்கு என் வணக்கம். ஆனால் அவர்களுக்குத் திறந்த கதவைக் காட்டி எங்களை ஏமாற்றாதீர்கள். சபா கருவியை ஏற்றுக்கொண்டது. காலனித் தெருவை ஏற்றுக்கொள்ளவில்லை.

நாதசுரத்துக்கே மரியாதை கெஞ்சி வரவில்லை. டி.என். ராஜரத்தினம் பிள்ளை உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று பிடிவாதமாக நின்றார். ஊர்வலத்தில் தோள்துண்டை எடுக்கச் சொன்னபோது, எடுக்காதே என்று கலைஞருக்குத் துணை நின்றார் பட்டுக்கோட்டை அழகிரி. இழிவாகச் சுமத்தப்பட்ட பறையை அடிக்க மாட்டோம் என்று தலித் மக்களைத் திரட்டினார் இளையபெருமாள். இவர்கள் யாரும் கருவியை மாற்றி மரியாதை தேடவில்லை. நிபந்தனையை மாற்றினார்கள். சாதி உழைப்பை மட்டும் பிரிக்கவில்லை, உழைப்பவர்களையும் பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இலேயே சொல்லிவிட்டார். அப்படியிருக்க, வேறு குழலை வாங்கி ஊதினால் அந்தப் பிரிவினை எப்படிப் போகும்?

ஆடி மாதம் வேப்பஞ்சேலை கட்டி பவானி அம்மனிடம் வரும் கூட்டத்தில் எங்கள் மேளமும் உண்டு, எங்கள் குழலும் உண்டு. சாமிக்கு எங்கள் மூச்சு ஆகும். பந்திக்கு நாங்கள் ஆக மாட்டோமா?

கூலியை முன்பே பேசி எழுதிக் கொடுங்கள். பந்தியில் சேர்த்து உட்கார வையுங்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதசுரமும் வயலினும் கற்பிப்பதுபோல பேண்டு கருவிகளுக்கும் ஆசிரியர் வையுங்கள் என்று எங்களோடு சேர்ந்து கேளுங்கள்.

தோழர்களே, உங்கள் கல்யாணத்துக்கு சாக்ஸ்தான் வேண்டும் என்று வீட்டில் அடம் பிடிக்கிறீர்கள். அந்த சாக்ஸை வாசித்தவன் எந்தப் பந்தியில் சாப்பிட்டான் என்றும் கேளுங்கள்.